முளைக்காமல் ஏமாற்றும் சோயா விதை! கறுப்பு சோயா கை கொடுக்குமா?

இந்தூர்:

மீல்மேக்கருக்கும் சமையல் எண்ணெய்க்கும் பயன்படும் சோயா, மத்தியபிரதேச விவசாயிகளின் முக்கிய மழைக்கால பயிர். ஜூனில் மழை பெய்ததும் விதைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து போய் பார்த்தால், சில வயல்களில் பாதி இடம் காலியாக கிடக்கிறது. விதை காசும் போச்சு, உழவு கூலியும் போச்சு!

ஏன் இப்படி?

நெல்லுக்கு உமி கவசம். சோயாவுக்கு மெல்லிய தோல்தான். அதற்கு அடியிலேயே முளைக்குருத்து இருப்பதால், மூட்டையை தொப்பென்று போட்டாலே அடிபட்டு விடும்.

விதையில் சுமார் 20 சதவீதம் எண்ணெய் வேறு. அக்டோபரில் அறுவடையான விதை, கோடையை தாண்டுவதற்குள் சூட்டிலும் ஈரத்திலும் எண்ணெய் கெட்டு உயிரை விடுகிறது. அதனால்தான் சான்று பெற்ற நெல் விதைக்கு 80 சதவீத முளைப்பு கேட்கும் அரசு, சோயாவுக்கு 70 சதவீதம் போதும் என்கிறது.

கறுப்பு சோயா

அங்குள்ள பழைய ரகமான 'காலிதூர்', சின்ன கறுப்பு விதை. தோல் கெட்டி, சேமித்து வைத்தாலும் நன்றாக முளைக்கும். ஆனால் மகசூல் குறைவு. மஞ்சள் ரகங்களில் மகசூல் அதிகம், தோல்தான் வீக். இரண்டையும் கலந்தால் என்ன என்பதே விஞ்ஞானிகளின் கணக்கு.

சோயா பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் மொட்டிலேயே இடுக்கியால் பிரித்து, வேறு செடியின் மகரந்தத்தை தடவ வேண்டும். இதில் ஒரு சிக்கல். விதையின் தோல் தாய் செடிக்கு சொந்தம். கலப்பின் பலன் தோலில் தெரிய, அந்த விதையை முளைக்க வைத்து அடுத்த தலைமுறை விதை வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி பல தலைமுறை தேர்வு செய்தால்தான் ஒரு ரகம் நிலைக்கும். இப்போது நாற்றின் இலையை கிள்ளி மரபணு சோதனை செய்வதால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது.

தோல் ரொம்ப கெட்டியானாலும் ஆபத்து. தண்ணீரே உள்ளே போகாமல் விதை கல்லாக கிடக்கும். எனவே அளவாக இருக்க வேண்டும்.

விவசாயிகள் கவனத்துக்கு...

எந்த ரகமானாலும் விதைக்கும் முன் 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் 70 முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். கொஞ்சம் குறைந்தால் விதை அளவை கூட்டுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால், அந்த மூட்டையை விதைக்காமல் இருப்பதே லாபம்.