உழைச்செல்வானும் இணையவழி நலத்திட்டங்களும்

நோய் தீர்க்கும் முயற்சியைத் தொடங்குதல் எளிது, தொடர்தல் அரிது. இவ்வருமையே இணையவழி நலத்திட்டங்களின் தலையாய இடர்ப்பாடாகும். கைப்பேசிச் செயலியாலோ குறுஞ்செய்தியாலோ உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியன பற்றி வழிகாட்டும் திட்டங்களில் முதல்நாள் பெயர் பதிவோர் பலர். சின்னாள் கழிந்தபின் மீண்டு வருவோர் சிலர். குந்தர் ஐசன்பாக் என்னும் ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் இதனைத் தேய்வு விதி என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். நெடுநாள் நோய்களுக்கு மருந்துண்போருள், வளர்ந்த நாடுகளிற்கூட ஏறத்தாழப் பாதிப்பேரே முறை பிறழாது ஒழுகுகின்றனர் என உலக நல நிறுவனம் 2003இல் அறிவித்திருந்தது. ஆகவே இக்குறை இணையத்தோடு பிறந்ததன்று. இதனைக் களையும் வழி யாது என்பதனை நம் இலக்கிய மரபின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நாற்கூறாக வகுக்கின்றது. உழைச்செல்வான் என்பான் நோயுற்றவன் அருகிருந்து மருந்தைத் தவறின்றி அளிப்பவன். இந்நான்கற்கும் பரிமேலழகர் தனித்தனியே நந்நான்கு பண்புகள் கூறுவர். நோயுற்றவற்கு உரியவற்றுள் மருத்துவன் சொல்வழி ஒழுகுதலும் ஒன்று. இன்றைய ஆய்வாளர் தேடும் தொடர்கை என்பது இதுவே. ஆயின் அதற்கு முன்னர் அவர் வைத்தது பொருளுடைமை. உழைச்செல்வானுக்கு முதற்கண் வைத்தது நோயுற்றவன்பால் அன்பு. இப்பகுப்பு வாக்படரின் அட்டாங்க இருதயத்திற் காண்பதனோடு ஒத்தது. இவ்வரிசைக்கு உரையாசிரியர் காரணம் கூறிற்றிலர். எனினும் மக்கள் வாழ்க்கை அதற்கு விளக்கம் தருகின்றது.

திருப்பூர்க் காதர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பனியன் மொத்த வணிகத்தாற் பெயர்பெற்ற இப்பகுதிக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்கூடங்களில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எனப் பணிகள் பல. ஒன்றரை ஷிப்டு என்பது இங்குள்ளோர் நாவில் இயல்பாக வழங்கும் சொல். அஃது ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேர உழைப்பைக் குறிக்கும். பீஸ் கணக்கில் கூலி பெறுவோர்க்கு எந்திரத்தை விட்டெழும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பாகும். காலை பதினொரு மணிக்கு வரும் நினைவூட்டல் இவர்க்கு எங்ஙனம் பயன்படும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்போர்க்குத் தமிழில் வரும் செய்தி விளங்குவதும் இல்லை. இவர் மீண்டு வாராமையை மடி என்பது பொருந்தாது. பரிமேலழகர் முன்வைத்த பொருளுடைமை ஈண்டு காலமுடைமையாகவும் நிற்கின்றது. அக்குறையை நோக்காது பழிகூறின், நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்றபின்னரே இவர் மருத்துவமனை வாயிலை மிதிப்பர்.

காலமறிந்து அனுப்பும் செய்தி பயன்தரும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நீரிழிவு வரும் நிலையிலிருந்த ஆடவர் 537 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். தொடக்க அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 27 பேர்க்கும், குறுஞ்செய்திகளும் தொடர்ந்து பெற்றோருள் நூற்றுக்கு 18 பேர்க்கும் இரண்டாண்டுக்குள் நீரிழிவு வந்தது. அச்செய்திகள் பெறுவோர் விரும்பிய வேளைக்கு ஏற்ப அனுப்பப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

இனிச் செய்தியின் சொல்வடிவம் பற்றியது. செயலிகள் பெரும்பாலும் “பதிவு செய்யுங்கள்”, “நடக்கத் தொடங்குங்கள்” என ஏவலாகவே பேசுகின்றன. நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்தி, ஏவல் வினாவை அவற்றுள் ஒன்றாக வைத்தார். இல்லத்தில் தாய் மகனை நோக்கி, “மாத்திரை சாப்பிட்டாயா?” என்பது செய்தியறியும் பொருட்டன்று; உண்பித்தற்பொருட்டு. ஏவல் வினா விடையை எதிர்நோக்கும். விடை தருதலே ஒரு மீள்வருகையாம். ஆயின் வினவுவோர் நம்மேல் அன்புடையார் என்னும் தெளிவு இன்றேல், அவ்வினாவும் எந்திர ஒலியாய்த் தேய்ந்துவிடும். நம்பத்தக்கவரும் நலம் நாடுபவருமான ஒருவர்க்கு விடை கூறும் பொறுப்பு இணையவழி நலத்திட்டத்தில் தொடர்கையை வளர்க்கும் என்னும் கருத்தை டேவிட் மோரும் அவர்தம் குழுவினரும் 2011இல் முன்வைத்தனர்.

தமிழக அரசு 5-8-2021 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இந்நான்காம் கூற்றை மீட்டது எனலாம். பெண் தன்னார்வலர் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்குரிய மருந்துகளை இல்லந்தோறும் கொண்டுசெல்கின்றனர். வள்ளுவர் ஆண்பாலாற் கூறிய உழைச்செல்வான் இன்று பெண்பாலாய் வாயிலில் நிற்கின்றாள். ஒன்றரை ஷிப்டுக்குச் சென்றோர் வீடு பூட்டிக் கிடக்குமே எனின், அத்திட்டம் 2024இல் தொழிலிடங்களுக்கும் விரிந்தமை அதற்கு ஒருவாறு விடையாகும்.

ஆகவே இணையம் மருத்துவனையும் அறிவுரையையும் கைக்குள் கொணரவல்லது. உழைச்செல்வானின் இடத்தை நிரப்பவல்லதன்று. ஷிப்டு முடியும் வேளையறிந்து, பெறுவோர் மொழியில், அவர் முகமறிந்த ஒருவரின் பெயரால் வினவும் செய்தியே அவரை மீண்டும் அழைத்து வரும். மீண்டு வருதல் நோயுற்றவன் ஒருவனது கடனன்று. அருகிருப்போர் கடனும் ஆம் என்பதே நம் துணிபு.