மசூர் ஸ்டேஷனில் நான்கு பிள்ளைகள்: பறை சொல்லும் படக்கதை

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்த ஒன்பது படங்கள் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. முதல் படத்தில் புதுச் சட்டையும் சரிகைத் தொப்பியுமாக நான்கு பையன்கள். கடைசிப் படத்தில் ஒரு மாட்டு வண்டி ஊருக்குள் நுழைகிறது. படங்களுக்குக் கீழே ஓர் எழுத்தும் கிடையாது, கதை சொல்ல ஆளும் கிடையாது. நான்கு பறையும் ஒரு ஜோடி சலங்கையும்தான் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக் காலனி ஒன்றின் மாலை வகுப்பில் இரண்டு மாதமாக இந்த வேலை நடக்கிறது. அடிப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள்.

கதை அம்பேத்கர் எழுதியது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் முதலாவதாக வருகிறது. 1901 வாக்கில் நடந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. சதாராவிலிருந்து கோரேகானில் இருக்கும் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும், இறந்துபோன அக்காவின் இரு மகன்களோடும் கிளம்புகிறார். (இது பீமா கோரேகான் இல்லை, சதாரா மாவட்டத்து ஊர்.) யாரும் அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் ஆளுக்கொரு லெமனேட் வாங்கிக் குடிக்கிறார்கள். மசூரில் இறங்கினால் அழைத்துப்போக ஆளைக் காணோம். அப்பாவுக்குப் போட்ட கடிதம் பணியாளின் மறதியால் அவர் கைக்கே போகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். "நாங்கள் மகர்கள்" என்றதும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொள்கிறார். வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கூடையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவு முழுக்கக் கிடைக்கவில்லை. அவர்கள் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்ததோ, பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்க அரசு ஏரி வெட்டிய இடத்தில்!

பறைக்குக் கதை சொல்வது புதிதில்லை. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி உண்டு. தூரத்தில் கேட்டாலே ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பாஷையை வைத்து ஒரு படத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி.

லெமனேட் பாட்டில் சுலபம். அடிக்குச்சியால் கட்டையில் ஒரு தட்டு, 'டப்'. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ரயிலுக்கு இடது கைச் சிண்டுக்குச்சி மட்டும் மெல்ல ஆரம்பித்து ஓடும், வலது கை பிறகு சேரும். இரவுக்கு ஒரு யோசனை செய்தார்கள். எல்லாப் பறையையும் தீயில் காய்ச்சிவிட்டு ஒன்றை மட்டும் காய்ச்சாமல் வைத்துக்கொண்டார்கள். தோல் தொய்ந்து மந்தமாக ஒலிக்கிறது, இருட்டு மாதிரியே இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் படத்தில்தான் நாள்கணக்கில் நின்றார்கள். முகம் மாறுகிற இடத்தில் முதலில் நான்கு பறையும் ஓங்கி இடித்தன. "அந்த மனுஷன் கத்துனாரா?" என்று கேட்டார் சொல்லிக்கொடுக்கும் இளைஞர். கத்தவில்லை. பேசாமல் உள்ளே போனார். அப்படியானால் அடி நிற்க வேண்டும். எட்டு எண்ணும்வரை ஒருவரும் அடிக்கக்கூடாது. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அன்றுதான் பார்த்தேன். ஆறு வருவதற்குள் யாராவது ஒருவர் கை தானாக இறங்கிவிடுகிறது.

நள்ளிரவில் சுங்கச் சாவடிக்காரரிடம் சிறுவன் பீமா உருதுவில் பேசி, தன்னை முஸ்லிமாகக் காட்டித் தண்ணீர் கேட்கிறான். தன் அடியை மறைத்து வேறு அடியில் கேட்க வேண்டும். பிள்ளைகள் சினிமா அடியைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான தேர்வு என்பேன்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல் நுனியால் தோலைத் தேய்த்துத் தண்ணீர் ஓசையைக் கண்டுபிடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. எந்தப் படத்தில் சேர்ப்பது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அண்ணா, கதையில தண்ணியே வரலையே" என்றாள். அந்த ஓசையைச் சேர்க்கவில்லை.

அவள் தாத்தாவுக்கு இந்த வகுப்பே பிடிக்கவில்லை. சாவுக்கு அடிக்க வரமாட்டோம் என்று ஊரோடு மோதி, பறையை இறக்கி வைத்த தலைமுறை அவர். "இதத் தூக்கிப் போடத்தானே தம்பி அவ்வளவு பட்டோம். மறுபடி எம் பேத்தி தோள்லயா?" என்று இளைஞரிடம் கேட்டார். இந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் மேடையில் பறை அடிக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதையெல்லாம் இளைஞர் எடுத்துச் சொன்னார். "விருது அவருக்கு. எழவு சொல்ல வான்னு நாளைக்கு எவனாவது இவளக் கூப்பிட்டா?" என்றார் பெரியவர். "கூப்பிட்டா நான் போகமாட்டேன் தாத்தா" என்றாள் பேத்தி. அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

ஆனாலும் போன வாரம் ஒத்திகைக்கு வந்து, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வண்டிப் படம் வந்தது. சலங்கை கிலுகிலுக்க அடி துள்ளிக்கொண்டு ஓடியது. "நிறுத்து, நிறுத்து" என்றார். "ராத்திரியில, ஓட்டத் தெரியாத புள்ளைங்க ஓட்டுற வண்டி இப்படியா போகும்? மாடு நின்னு நின்னுல்ல இழுக்கும்."

பறையைத் தொடவில்லை. திண்ணைச் சிமெண்டில் நான்கு விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு பலமான தட்டு. பேத்தி அடிக்குச்சியை எடுத்தாள். "இன்னும் மெதுவா" என்றார்.