தகரம் கேட்கும் முன் மண் அறிக்கை கேளுங்கள்

மழை தொடங்கிவிட்டால் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் தகரத்தைப் பற்றித்தான் பேச்சு. காம்பரா ஒழுகுகிறது, தலைவரிடம் சொன்னோம், பிரதேச சபை உறுப்பினரிடம் சொன்னோம், தொரை பார்ப்போம் என்றார். சொன்னதற்குக் கடிதம் இருக்கிறதா என்றால் இல்லை. எந்தத் தேதியில், யாரிடம் என்றால் அதுவும் நினைவில்லை. வாயால் கேட்டே வருடங்கள் போகின்றன. இதைவிட மோசமான காரியம் ஒன்றும் நடக்கிறது. சரியக்கூடிய சரிவில் நிற்கிற லயத்துக்குக் கடன் வாங்கிப் புதுத் தகரம் போடுகிறார்கள். சுவர் வெடிப்பைச் சீமெந்து பூசி மறைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துக்கொள்கிறார்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தை இதே பிரதேசத்தில்தான் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் அங்கே லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்த பிறகும் குடும்பங்கள் அங்கேயே இருக்க விடப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை பதுளை மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. இதற்கு மேலும் எதைப் பார்க்கக் காத்திருக்கிறோம்?

ஆகவே முதல் கடிதம் தகரத்துக்கு அல்ல, மண்ணுக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் பதுளை அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிரதி ஒன்றைக் கிராம உத்தியோகத்தர் வழியாக ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் இலக்கம், எத்தனை குடும்பம் என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். கண்ணில் பட்டதையும் எழுதுங்கள்: தரையில் ஓடும் வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரம், திடீரென இறுகிப்போன கதவு, புதிதாகக் கசியும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர். படம் எடுத்து இணையுங்கள்.

அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போவதோடு நம் ஆட்கள் திருப்திப்பட்டு விடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. அவர் எழுதிய அறிக்கையின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இடம் பாதுகாப்பானது என்று அதில் இருந்தால் திருத்த வேலையைக் கேளுங்கள். ஆபத்து என்று இருந்தால் கூரைக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள், மாற்றுக் காணியும் வீடும் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால், மலிவானதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

திருத்த வேண்டியவர் யார் என்பதில் ஆளை அலைக்கழிப்பது வழக்கமாகிவிட்டது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. எனவே கூரை, சுவர் பற்றிய கடிதம் தோட்ட முகாமையாளருக்குப் போக வேண்டும். பிரதி பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் பெருந்தோட்டத்துறை அமைச்சுக்கும்.

அதற்காகப் பிரதேச சபை தப்பிக்க முடியாது. தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் விடாது என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைக் காட்டி நெடுங்காலம் கையை விரித்தார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்து மக்களுக்கும் பாதை, தண்ணீர் போன்ற வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம். இன்னமும் பழைய பாட்டைப் பாடுகிற அதிகாரியிடம், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். லயத்துக்குப் பின்னால் கான் வெட்டி மழைத் தண்ணீரை ஒழுங்காகத் திருப்பிவிடுவது சின்ன வேலை போலத் தோன்றும். சரிவில் இருக்கிற குடியிருப்புக்குத் தகரத்தைவிட அதுதான் அவசரம்.

வீடமைப்புக்கும் சமூக அபிவிருத்திக்கும் சபையில் ஒரு குழு உண்டு. அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே அந்தக் குழுவின் பெயரைப் போட்டு, தவிசாளருக்கும் செயலாளருக்கும் மனுக் கொடுங்கள். திட்டம் நிறைவேறிய பிறகு ஜனவரியில் போய் நின்றால் காசில்லை என்ற பதில்தான் வரும்.

எந்த மனுவாக இருந்தாலும் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனுதான்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபை, பிரதேச செயலகம், கட்டட ஆராய்ச்சி நிறுவகம் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் உண்டு. எங்கள் லயம் பற்றிய அறிக்கையின் பிரதி, எங்கள் மனு மீது சபை எடுத்த தீர்மானம், ஒதுக்கிய தொகை என்று குறிப்பாகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு சங்கதியைக் கவனியுங்கள். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதங்கள் பல இடங்களில் தோட்ட ஆபீசுக்குத்தான் போய்ச் சேருகின்றன. அங்கே கிடந்து, தேதி தாண்டிய பிறகு கைக்கு வந்தவை உண்டு. மேன்முறையீட்டுக் காலம் அதற்காக நிற்காது. டவுனில் நம்பிக்கையான ஒரு கடை முகவரியைக் கொடுங்கள், அல்லது நேரில் வாங்குவேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

புது வீடு கிடைத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மேடையில் வாங்கிய தாளையெல்லாம் காணி உறுதி என்று நினைத்துப் பெட்டியில் பூட்டாதீர்கள். நில அளவைப் பட இலக்கம், எத்தனை பேர்ச்சஸ், நான்கு எல்லை, காணிப் பதிவகத்தின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் பிரதேச செயலகத்துக்கு எடுத்துப் போய், இது என்ன பத்திரம், உறுதி எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதிகாரி பாரபட்சமாக நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் காலக்கெடு. ஆணைக்குழுவுக்கும் அந்த மாதத்துக்குள்ளேயே போங்கள்.

இந்தக் கடிதங்கள் எதுவும் இன்றிரவு மழையை நிறுத்தாது. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக வரும். 24 மணி நேரத்தில் மழை 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெளியேற வேண்டிய சிவப்புக் கட்டம். சிவப்பு வந்தபின் சாமான் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முத்திரை வாங்கிய மனுப் பிரதி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கதவோரம் இருக்கட்டும். தரை வெடித்தால், கலங்கிய தண்ணீர் வந்தால், அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் வெளியேற்றிவிட்டு, பிறகு அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அழையுங்கள்.