அணிக்கு முன்பே வரும் பயிற்சியாளர்: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கியில் முதல் நியமனத்தின் முக்கியத்துவம்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் நியூ ஜெர்சிக்கு அண்டையில் உள்ளது. அங்குள்ள டெலவேர் பல்கலைக்கழகம், 2025ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தேசிய அளவிலான கல்லூரிப் போட்டிகளில் முதல் முறையாகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றைக் களமிறக்கியது. ஆனால் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் அலிசன் கூமி 2024ஆம் ஆண்டிலேயே நியமிக்கப்பட்டுவிட்டார். அப்போது அவர் பயிற்சியளிப்பதற்கு வீராங்கனை எவரும் இல்லை.

ஹாக்கி என்றதும் பெரும்பாலான தமிழர்களின் நினைவுக்கு வருவது புல்தரை ஹாக்கி. வட அமெரிக்காவில் அந்தச் சொல் பனித்தளத்தில் சறுக்குக் காலணிகளுடன் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியையே குறிக்கிறது. புல்தரை ஆட்டத்தை அங்கு ஃபீல்டு ஹாக்கி என்று தனியாகப் பெயரிட்டு அழைக்கிறார்கள். கல்லூரிகளில் அதைப் பெண்களே ஆடுகிறார்கள். தமிழர்கள் பெருமளவில் வாழும் மாநிலங்களில் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இவ்விரு ஆட்டங்களிலும் பெண்கள் அணிகள் உள்ளன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆகிய பல்கலைக்கழகங்கள் ஃபீல்டு ஹாக்கி அணிகளை நடத்துகின்றன. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏயின் முதல் பிரிவில் ஆடும் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி கலிஃபோர்னியாவிலோ டெக்சாஸிலோ இல்லை. நாடு முழுவதற்கும் சேர்த்து இத்தகைய அணிகள் நாற்பதைச் சற்றே தாண்டுகின்றன.

எனவே புதிய அணி ஒன்று தோன்றுவது அரிது. அதன் முதல் பயிற்சியாளராக எவர் அமர்த்தப்படுகிறார் என்பது, அந்த அணியின் பல ஆண்டுகாலப் போக்கைத் தீர்மானிக்கும் முடிவாக இருக்கிறது.

சட்டம் தந்த அணிகள்

புதிய பெண்கள் அணிகளின் தோற்றத்துக்கு அடிப்படையாக இருப்பது 1972ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டம். டைட்டில் நைன் என்று அறியப்படும் அதன் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிலையங்களில் பாலின அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. விளையாட்டில் இதை எவ்வாறு அளவிடுவது என்பதற்கு 1979இல் விளக்கம் வெளியிடப்பட்டது. மாணவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பெண்களுக்கு இடமளிப்பது, வாய்ப்புகளைத் தொடர்ந்து விரிவாக்கி வருவது, பெண்களின் ஆர்வத்தையும் திறனையும் முழுமையாக நிறைவு செய்வது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கல்லூரி நிரூபிக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் அணிகள் தாமாக வந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஐஸ் ஹாக்கி வெறும் மாணவர் மன்ற அளவில் இருந்தது. அதை அதிகாரபூர்வ அணியாக உயர்த்தக் கோரி 1979 முதல் 1988 வரை நான்கு முறை விண்ணப்பித்தும் பலன் கிட்டவில்லை. வீராங்கனைகள் நீதிமன்றத்தை நாடினர். 1992இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் மேல்முறையீடு முடிவதற்குள் அவர்கள் பட்டப் படிப்பை முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டனர் என்ற காரணத்தால் 1993இல் அத்தீர்ப்பு செல்லாததானது. பின்னர் வேறு மாணவியர் தொடுத்த வழக்கு 1997இல் உடன்பாட்டில் முடிந்த பிறகே அதிகாரபூர்வ அணி அமைந்தது. அதே கோல்கேட் அணி 2018இல் தேசிய இறுதிப் போட்டி வரை முன்னேறியது.

டெலவேரிலும் பின்னணியில் இருப்பது இந்தச் சமநிலைக் கணக்குத்தான். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பல்கலைக்கழகம் தனது அமெரிக்கக் கால்பந்து அணியை உயர்ந்த பிரிவுக்கு மாற்ற முடிவு செய்தது. அப்போதிருந்த விதிகளின்படி, கீழ்ப்பிரிவில் 63 ஆக இருந்த கால்பந்து உதவித்தொகைகளின் உச்ச வரம்பு மேற்பிரிவில் 85. ஆண்களுக்கான செலவு கூடும்போது பெண்களுக்கும் வாய்ப்புகள் கூட்டப்பட வேண்டும் என்ற நிலையில், பெண்கள் ஐஸ் ஹாக்கி போன்று வீராங்கனைகள் அதிகம் தேவைப்படும் ஆட்டம் கல்லூரிகளுக்கு ஏற்றதாகத் தென்படுகிறது.

பயிற்சிக்கு முந்தைய பணி

முதல் பயிற்சியாளரின் பணி பனித்தளத்தில் தொடங்குவதில்லை. அவர் முதலில் உதவிப் பயிற்சியாளர்களைத் தேடுகிறார். பயணம், உபகரணங்கள், பனித்தள நேரம் ஆகியவற்றுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநருடன் பேசி முடிக்கிறார். எந்தக் கூட்டமைப்பில் ஆடுவது, எவருடன் ஆடுவது என்ற ஏற்பாடுகளில் பங்கேற்கிறார். டெலவேர் அணி அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா என்ற கூட்டமைப்பில் இடம்பெற்றது.

இவை அனைத்தையும் விடக் கடினமானது வீராங்கனைகளைத் திரட்டுவது. வட அமெரிக்காவில் திறமையான மாணவியர் பள்ளிப் படிப்பு முடிவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே கல்லூரியைத் தேர்ந்துவிடுகின்றனர். வெற்றி தோல்வி வரலாறு எதுவும் இல்லாத அணியில் சேரும் 17 வயது மாணவியும் அவளது பெற்றோரும் நம்புவதற்கு அங்கே பயிற்சியாளர் ஒருவரே இருக்கிறார். ஆகவே பல்கலைக்கழகங்கள் முதல் நியமனத்தில் ஆட்ட நுணுக்கம் தெரிந்தவரை மட்டும் தேடுவதில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் தொடர்புகள் உடையவரா, பிற அணிகளில் மாணவியரைச் சேர்த்த அனுபவம் உண்டா என்றும் பார்க்கின்றன. கூமி அதற்கு முன்னர் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இணைத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

அண்மைக்கால விதி மாற்றங்கள் இப்பணியை ஒருவிதத்தில் எளிதாக்கியுள்ளன. முன்பு வேறு கல்லூரிக்கு மாறும் வீராங்கனை சில சூழல்களில் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இதனால் புதிய அணி ஒன்று முதலாண்டு மாணவியரை மட்டும் நம்பியிராமல், அனுபவமுள்ளோரையும் சேர்க்க முடிகிறது. அதே வழியாக, சிரமப்பட்டுச் சேர்த்தவர்கள் அடுத்த ஆண்டே வெளியேறிவிடவும் முடிகிறது.

பிரின்ஸ்டனிலிருந்து நீளும் தொடர்

சரியான முதல் நியமனம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு மினசோட்டா மாநிலத்தின் இரு அணிகள் எடுத்துக்காட்டாக அமைகின்றன.

மினசோட்டா பல்கலைக்கழகம் தனது முதல் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளராக 1996இல் லாரா ஹால்டார்சனை நியமித்தது. அவர் 1980களில் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் ஆடி, 1985இல் பட்டம் பெற்றவர். பின்னர் கோல்பி என்ற சிறிய கல்லூரியில் பயிற்சியளித்தவர். முதல் ஆட்டத்துக்கு முன்னர் ஓராண்டுக்கும் அதிகமான அவகாசம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1997இல் ஆடத் தொடங்கிய அணி 2000இல் தேசியப் பட்டத்தையும், பின்னர் 2004, 2005 ஆண்டுகளில் என்சிஏஏ பட்டங்களையும் வென்றது. அவரது முதல் அணியில் ஆடிய நாடீன் முசரால், 2016இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகி, அந்த அணிக்கு 2022இலும் 2024இலும் தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். ஒரு நியமனம் அடுத்த தலைமுறைப் பயிற்சியாளரையும் உருவாக்கியது.

மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகம் 1998இல் ஷானன் மில்லரை நியமித்தது. கனடாவின் கால்கரி நகரில் காவல்துறையில் பணியாற்றிய அவர், பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்ற 1998 நகானோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற கனடிய அணியின் பயிற்சியாளர். ஸ்வீடன், ஃபின்லாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்து வீராங்கனைகளைக் கொண்டுவந்த அவரது அணி, ஆடத் தொடங்கிய இரண்டாவது பருவத்திலேயே, 2001இல், என்சிஏஏ நடத்திய முதலாவது பெண்கள் ஐஸ் ஹாக்கிப் பட்டத்தை வென்றது. 2002, 2003, 2008, 2010 ஆண்டுகளிலும் அந்தப் பட்டம் டுலூத் அணிக்கே கிடைத்தது.

பட்டங்களும் பாதுகாப்பும்

ஆனால் ஐந்து பட்டங்கள் மில்லரின் பதவிக்கு உத்தரவாதமாகவில்லை. 2014 டிசம்பரில், அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. நிதிநிலையே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. பாலினப் பாகுபாடும், அணிக்குச் சமமான வசதிகள் கோரியதற்கான பழிவாங்கலுமே காரணம் என்று அவர் வழக்குத் தொடுத்தார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. 2018 மார்ச்சில் நடுவர் குழு மில்லருக்குச் சாதகமாக முடிவு கூறி, ஏறத்தாழ 37 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்மானித்தது. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவரும் ஒரு பெண்தான். எனினும், ஓர் அணியை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உருவாக்கியவரின் பணி எவ்வளவு நிலையற்றது என்பதை இவ்வழக்கு வெளிச்சமிட்டது.

இதற்குப் பின்னால் பெரியதொரு மாற்றம் இருக்கிறது. டைட்டில் நைன் சட்டம் வந்த 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியளித்தனர். பேராசிரியர்களான விவியன் அகோஸ்டா, லிண்டா கார்ப்பென்டர் ஆகியோர் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வின்படி, 2014இல் அந்த விகிதம் 43 ஆகக் குறைந்திருந்தது. பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வந்தபோது, முன்பு ஊதியமின்றியோ சொற்ப ஊதியத்துக்கோ செய்யப்பட்ட வேலை, ஆண்களும் விரும்பும் வேலையாயிற்று. தனித்தனியாக இருந்த ஆண், பெண் விளையாட்டுத் துறைகள் இணைக்கப்பட்டபோது, தேர்வு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் ஆண்களிடம் சென்றது. ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சியளிக்கும் பெண்களோ மிகச் சிலர்தாம். அதாவது, மாணவியருக்கு ஆடுகளத்தைத் திறந்துவிட்ட சட்டம், பெண் பயிற்சியாளர்களுக்கு இருந்த இடத்தைக் காக்கவில்லை.

ஆண் பயிற்சியாளர்கள் பெண்கள் அணிகளுக்குத் தகுதியற்றவர்கள் என்பது இதன் பொருளல்ல. 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடிய மார்க் ஜான்சன், விஸ்கான்சின் பெண்கள் அணிக்கு 2025 வரை எட்டு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்துள்ளார். பிரின்ஸ்டன் அணியை 21 பருவங்கள் வழிநடத்திய ஜெஃப் காம்பர்சல் 2017இல் பென் ஸ்டேட்டுக்குச் சென்றார். டெலவேரின் கூமி அங்கு அவருடன் பணியாற்றியவர். பிரின்ஸ்டனில் காம்பர்சலின் இடத்துக்கு வந்த காரா மோரி, 2020இல் அந்த அணிக்கு ஈசிஏசி கூட்டமைப்புப் பட்டத்தை வென்று தந்தார். தகுதி இருபாலரிடமும் இருக்கும்போது, விண்ணப்பதாரர் பட்டியலில் பெண்கள் இடம்பெறுகிறார்களா, உதவிப் பயிற்சியாளர் பதவிகளிலிருந்து மேலேறும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கப் பெண்கள் புல்தரை ஹாக்கி அணியின் பயிற்சியாளராக இருந்து, பின்னர் இந்தியப் பெண்கள் அணியைப் பொறுப்பேற்ற நெதர்லாந்தின் யானெக் ஷாப்மன், 2024 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆண்கள் அணியின் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். ஹாக்கி இந்தியா அமைப்பு அதை மறுத்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற அந்த அணி தவறிய சில வாரங்களில் இது நிகழ்ந்தது.

பணமும் எதிர்காலமும்

புதிய அணிகள் தோன்றும் அதே காலத்தில் பழைய அணிகள் மறையும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 ஜூலையில் ஃபீல்டு ஹாக்கி உள்ளிட்ட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2021 மே மாதத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. பென்சில்வேனியாவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2021இல் தனது ஆண், பெண் ஐஸ் ஹாக்கி அணிகளைத் திடீரெனக் கலைத்தது. 2023இல்தான் அவை மீண்டும் ஆடுகளம் திரும்பின.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் உடன்பாடு, கல்லூரிகள் தமது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க அனுமதித்தது. 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை இவ்வாறு பகிரலாம். இதில் இணையும் கல்லூரிகள் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் முன்பிருந்த 18 உதவித்தொகைகள் என்ற வரம்புக்குப் பதிலாக, 26 பேர் வரையிலான அணி முழுவதற்கும் உதவித்தொகை வழங்கலாம். ஆனால் பணத்தின் பெரும்பகுதி வருவாய் ஈட்டும் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் செல்லும் என்று எதிர்பார்க்கப்படும் சூழலில், சிறிய விளையாட்டுகளின் செலவு கூர்ந்து பார்க்கப்படும். விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் அந்த உடன்பாட்டில் இணையவில்லை.

மறுபுறம், கல்லூரிக்கு அப்பால் முன்னர் இல்லாத ஒரு வழி திறந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தொடங்கிய தொழில்முறைப் பெண்கள் ஹாக்கி லீக்கின் நியூயார்க் அணி, 2024-25 பருவத்தில் நியூ ஜெர்சியின் நுவார்க் நகர அரங்கில் ஆடியது. அந்த அணி 2024இல் முதல் தேர்வாக எடுத்த சாரா ஃபில்லியர், பிரின்ஸ்டனில் மோரியிடம் பயின்றவர். அதே ஆண்டு அந்த அணியின் பயிற்சியாளராக அமர்த்தப்பட்ட கிரெக் ஃபார்கோ, மாணவியர் நீதிமன்றம் சென்று பெற்ற கோல்கேட் அணியைப் பல ஆண்டுகள் நடத்தியவர்.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ சறுக்குக் காலணி அணிந்த மகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு, புதிய அணிகளின் அறிவிப்புகள் நம்பிக்கை தருபவை. அத்தகைய அணி நிலைத்திருக்குமா என்பதை மதிப்பிட, அவர்கள் அறிவிப்பின் நாளை விடப் பயிற்சியாளரின் நியமனத்தையே கவனிப்பது பயன் தரும். முதல் ஆட்டத்துக்கு எவ்வளவு காலம் முன்பு அவர் அமர்த்தப்பட்டார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு, உதவியாளர்களும் பனித்தள நேரமும் ஆண்கள் அணிக்கு நிகராகத் தரப்பட்டுள்ளனவா ஆகிய கேள்விகளுக்கான விடைகள், ஒரு பல்கலைக்கழகம் சட்டக் கணக்கை நிறைவு செய்ய மட்டும் அணி அமைக்கிறதா, அல்லது அதை நீண்ட காலம் நடத்தும் எண்ணம் கொண்டிருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.