வாடகைக்கு ஓடிய டிராக்டரை விற்கும் முறை

தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-ம் ஆண்டில் தொடங்கியது. நூறு விவசாயிகள் கொண்ட ஒவ்வொரு உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கும் ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. பல குழுக்கள் இந்நிதியில் பண்ணைக் கருவிகள் வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட்டன. சொந்த டிராக்டரை அண்டை அயலாருக்கு ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. வாங்குவதில் காட்டும் கவனத்தை இவர்கள் விற்பதிலும் காட்ட வேண்டும்.

எப்போது விற்கலாம்?

வாடகை வண்டிக்குத் தனியாக ஒரு கணக்கு நோட்டு அவசியம். உதாரணமாக, டீசலும் ஓட்டுநர் கூலியும் போக ஆண்டுக்கு ரூ.80,000 மிஞ்சுகிறது; அதில் ரூ.50,000 பழுதுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு என்ஜின் வேலையும் வரும் என்று மெக்கானிக் சொன்னால் விற்றுவிடுவதே நலம். உழவு முடிந்த பிறகு விற்றால் விலை படியும். ஆடி உழவுக்கு முன்பே, ஆனி மாதத்தில் விலை பேசுவது நல்லது.

விற்குமுன் செய்ய வேண்டியவை

வண்டியைக் கழுவி, ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள். பேட்டரி, விளக்கு, பிரேக் போன்ற சிறு குறைகளைச் சரி செய்யுங்கள். என்ஜினை முழுதாகப் பிரித்துச் செலவு செய்தால் அந்தப் பணம் விலையில் திரும்பி வருவது அரிது. ஆயில் கசிவைப் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம். குறையைச் சொல்லி, பழுது பார்த்த பில்களையும் காட்டி விற்றால் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். சுழல் கலப்பை, கொத்துக் கலப்பை, டிரெய்லர் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை கேட்டுப் பார்த்து, சேர்த்து விற்பதா, பிரித்து விற்பதா என்று முடிவு செய்யலாம்.

மானியத்தில் வாங்கிய கருவியானால், விற்கலாமா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே பேச்சைத் தொடங்குங்கள். குழுவின் கருவியானால் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, குறைந்தபட்ச விலையையும் அதில் எழுதிக்கொள்ள வேண்டும். பணம் குழுவின் வங்கிக் கணக்கில்தான் சேர வேண்டும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

என்ஜின் சூடாவதற்கு முன்பே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். கலப்பை விரைவில் இறங்கினால் ஹைட்ராலிக்கில் கோளாறு. சேற்றுழவுக்கு ஓடிய வண்டியில் பின் அச்சின் ஆயில் சீல்களைக் கட்டாயம் பாருங்கள். மணி மீட்டரை மட்டும் நம்பாமல் கிளட்ச் மிதி, டயர் ஆகியவற்றின் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

பெயர் மாற்றம்: மறக்கக்கூடாதது

பணம் கைக்கு வந்ததும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு வண்டியை அனுப்பிவிடுவது பலரின் வழக்கம். இது பேராபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் வழக்கு உங்கள் வாசலுக்கே வரும்.

ஆகவே படிவம் 29, 30 இரண்டையும் முழுமையாக நிரப்பிக் கையெழுத்திடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்து, படிவம் 35 மூலம் ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். இன்சூரன்சை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும்.

வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, இரு தரப்பும் சாட்சிகளோடு கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும் வரை பேசிய தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வாங்குபவரும், பெயர் மாற்றத்துக்கு நேரில் உடன் செல்ல விற்பவரும் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் பாதுகாப்பு.