உங்களுக்குத் தெரியுமா?

ஜப்பானிய மாணவர்கள் ஆங்கில வாக்கியத்தை நெடுங்காலம் முன்னும் பின்னுமாகத் தாவித் தாவிப் படித்தார்கள்! சொற்களுக்கு 1, 2, 3 என எண்ணிட்டு, அந்த வரிசையில் பொருள் கொள்வார்கள். இதற்கு 'யாக்குதோக்கு' என்று பெயர்.

• தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆகவே, ஆங்கிலப் பத்தியில் தமிழ்நாட்டுச் செய்யாறு மாணவர் தடுமாறும் இடத்திலேயே டோக்கியோ மாணவரும் தடுமாறுகிறார்.

• சீன நூல்களைப் படிக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியர் கண்ட உத்தியின் வழிவந்தது யாக்குதோக்கு.

• இன்று ஜப்பானில் பல ஆசிரியர்கள், வாக்கியத்தைச் சாய்கோடிட்டுத் துண்டாக்கி, இடமிருந்து வலமாகவே புரிந்துகொள்ளப் பழக்குகிறார்கள். நம் மாணவர்களும் முயன்று பார்க்கலாம்!

• 2021 முதல் ஜப்பானின் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வின் ஆங்கில வாசிப்புத் தாளில் தனி இலக்கணக் கேள்விகள் இல்லை. 80 நிமிடம், 100 மதிப்பெண். எல்லாமே படித்துப் புரிந்து பதிலளிப்பவை.