ரூமா கிணற்றில் ஒரு வாளி
கூட்டாகச் செய்யும் சுற்றுச்சூழல் அறப்பணியின் ஒழுக்கநெறி

மரம் நடுதல், நீர்நிலைகளைக் காத்தல், நிலத்தை மாசுபடாது பேணுதல் ஆகியவற்றுக்காகப் பலர் ஒன்றுகூடிப் பொருள் ஈயும் கூட்டமைப்புகள் இன்று உலகெங்கும் இயங்கி வருகின்றன. முஸ்லிம்களும் இதில் பின்தங்கிவிடவில்லை. 2015 ஆகஸ்டில் இஸ்தான்பூலில் பருவநிலை மாற்றம் குறித்த இஸ்லாமியப் பிரகடனம் வெளியிடப்பட்டது. 2024இல் நைரோபியில் ‘அல்மீஸான்’ என்னும் புவிக்கான உடன்படிக்கை வெளியிடப்பெற்றது. இவ்விரண்டின் ஆக்கத்திலும் பங்குகொண்ட ஃபஸ்லுன் காலித் இலங்கையில் பிறந்தவர் என்பது தமிழ் வாசகர்கள் அறியத்தக்கது.

இயற்கையை ஏன் பேண வேண்டும் என்பதை இத்தகைய ஆவணங்கள் எடுத்துரைத்துவிட்டன. ஒன்றுகூடிப் பேணுவோர் தமக்குள் எவ்வாறு ஒழுக வேண்டும் என்ற வினா எஞ்சி நிற்கிறது. பொருள் இல்லாமையால் நின்றுபோன நற்பணிகள் உண்டு. பெயர், கணக்கு, அதிகாரம் ஆகியவை பற்றிய பிணக்கால் நின்றுபோனவையும் உண்டு. பின்னதைத் தவிர்க்கும் வழியை நம் ஃபிக்ஹு நூல்களின் வக்ஃபுப் பாடம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்து வைத்துள்ளது.

ஈந்தவருக்கும் ஒரு வாளியே

முஹாஜிர்கள் மதீனாவில் குடியேறியபோது அங்கு இனிய நீர் அரிதாயிருந்தது. ரூமா கிணற்று நீரை விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. அக்கிணற்றை வாங்கித் தம் வாளியையும் முஸ்லிம்களின் வாளிகளுள் ஒன்றாக ஆக்குபவருக்குச் சுவனத்தில் அதனினும் சிறந்தது உண்டு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதனை வாங்கி அர்ப்பணித்தார்கள். இச்செய்தி திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது அந்நன்மாராயத்தோடு இணைந்துள்ள நிபந்தனையாகும். கிணற்றை வாங்குவது மட்டும் போதாது. வாங்கியவரின் வாளி மற்றவர் வாளிக்கு முந்தவும் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒருவர் தமக்கே வக்ஃபு செய்துகொள்வது செல்லாது. ஆயினும் கிணறு, பள்ளிவாசல் போன்ற பொது வக்ஃபில் மக்களுள் ஒருவராக அவரும் பயன்பெறலாம். உரிமையாளர் என்ற நிலை நீங்கிவிடுகிறது. ஊராருள் ஒருவர் என்ற நிலை மட்டுமே எஞ்சுகிறது.

இந்தோனேசியாவில் அச்சே பெசார் மாவட்டத்தின் ஜந்தோவில் 2012இல் ஆர்வலர் சிலர் தொடங்கிய வக்ஃபுக் காடு இந்நெறிக்கு இக்காலச் சான்றாகும். பலரும் அளிக்கும் நன்கொடையால் வளமிழந்த நிலத்தை வாங்கி, வக்ஃபாக்கி, மரம் வளர்ப்பதே அதன் முறை. அத்தகைய காட்டில் எந்த மரமும் எந்தக் கொடையாளருக்கும் உரியதன்று. நிலத்தின் விலை ஏறிவிட்டதென்று எவரும் தம் பங்கைத் திரும்பக் கேட்கவியலாது. மிகுதியாக ஈந்தவர், குறைவாக ஈந்தவர் என்ற வேறுபாடு கணக்கேட்டில் இருக்கலாம், காட்டில் இல்லை.

பராமரிப்பவரின் வரம்பு

கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் பற்றி உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தர்மம் செய்யலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வாறே அந்நிலம் விற்கப்படவும் வாரிசுடைமை ஆகவும் இடமின்றி அறத்துக்கு உரியதாக்கப்பட்டது. அதனைப் பராமரிப்பவர் வழக்கத்துக்கு ஏற்ற அளவில் அதிலிருந்து உண்ணலாம். அதைக்கொண்டு தமக்குச் செல்வம் சேர்த்தல் ஆகாது (புகாரீ, முஸ்லிம்). உழைப்பவருக்கு ஊதியம் மறுக்கப்படவில்லை. அதற்கு எல்லை வகுக்கப்பட்டது. இந்தோனேசியாவின் 2004ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் நாழிரின் ஊதியம் நிகர வருவாயில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என வரையறுத்திருப்பது இந்நெறியின் தொடர்ச்சியே எனலாம்.

ஊதியத்துக்குப் புறம்பே வரும் அன்பளிப்பு இன்னும் நுட்பமான சோதனையாகும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பெற்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது எனப் பிரித்துரைத்தபோது நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா (புகாரீ, முஸ்லிம்). கன்று விற்பவரும் குளம் தூர்வாரும் ஒப்பந்தக்காரரும் உறுப்பினர் ஒருவருக்கு அளிக்கும் பரிசை இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்க்க வேண்டும்.

எவரது பொருள்?

பராமரிப்போரின் கை தூய்மையாயிருப்பது போலவே உள்ளே வரும் பொருளும் தூய்மையாயிருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் அறப்பணியில் இது தனிக்கவனத்துக்குரியது. ஆற்றைக் கெடுத்த கையே ஆற்றங்கரையில் மரம் நடவும் முன்வரக்கூடும்.

இவ்வினா நமக்குத் தொலைவில் இல்லை. பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் ஈட்டுத்தொகையை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அறிவித்தது. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் ஆற்றின் சீரமைப்பும் வேண்டி மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது. இத்தொழிலில் நம் சமுதாயத்தவரும் பலர் உள்ளனர். கல்விக்கூடங்களுக்கும் மதரஸாக்களுக்கும் வாரி வழங்கியோர் அவர்களுள் உண்டு. அந்நன்றியை மறத்தல் தகாது. அதன்பொருட்டு உண்மையை மறைத்தலும் தகாது.

கடனை அடைக்கத் தேவைப்படும் பொருளைத் தர்மம் செய்தல் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தாகும். பிறர் உடைமைக்கு விளைத்த சேதத்தின் ஈட்டுத்தொகையும் கடனே. கிணறு கெட்டுப்போன உழவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஆயிரம் கன்றுகளுக்கு நன்கொடை அளிப்பவர், கடன்காரரை வாயிலில் நிறுத்திவிட்டு ஊருக்கு விருந்து வைப்பவரை ஒப்பர். அத்தகையவரைக் கூட்டமைப்பினர் இழித்துரைக்க வேண்டியதில்லை. கழிவைத் தடுத்து, உரியவருக்கு உரியதைத் தந்த பின் வருக எனத் தனிமையில் நஸீஹத் செய்வதே முறை. அதைச் சொல்லத் தயங்கி அவர் பொருளை வாங்கிக்கொள்வது, அவரது நற்பெயருக்கு நாம் விலை பேசுவதாகும்.

நல்லெண்ணத்தோடு இடும் துளை

ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பெற்ற உவமையை நபியவர்கள் கூறியுள்ளார்கள். நீருக்காக மேலே சென்று வந்த கீழ்த்தளத்தார், மேலுள்ளோருக்குத் தொல்லை தராமல் தம் பகுதியிலேயே ஒரு துளை இட்டுக்கொள்ளலாம் எனக் கருதினர். அவர்களைத் தடுக்காவிடில் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் தப்புவர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் கூட்டுடைமை பற்றிய பாடத்தில் வைத்திருப்பது கருதத்தக்கது.

துளையிட எண்ணியோரிடம் தீய நோக்கம் இல்லை. பிறருக்குத் தொல்லை தரலாகாது என்ற நல்லெண்ணமே இருந்தது. கூட்டுப்பணிகளும் பெரும்பாலும் இவ்வாறே கெடுகின்றன. விரைந்து நன்மை செய்யும் ஆர்வத்தில் ஒருவர் மஷூராவின்றிப் பொதுப்பொருளை எடுத்துச் செலவிடுகிறார். எண்ணம் நல்லதென்பதால் மற்றவர் வாய் திறப்பதில்லை. அடுத்த முறை வேறொருவர் அவ்வாறே செய்வார். அப்போது கேட்க எவருக்கும் தகுதி இராது. எனவே கலந்தாலோசித்தலும், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தலும் நம்பிக்கையின்மையின் அடையாளங்கள் அல்ல. கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) பணிப்பது நம்பிக்கை கொண்டோரை விளித்தே.

பெயர்ப்பலகை வைக்கலாமா என்று கேட்போர் உண்டு. வெளிப்படையான தர்மம் நல்லதென்றும், மறைவாக ஏழைகளுக்கு ஈவது அதனினும் சிறந்ததென்றும் இறைமறை (2:271) கூறுகிறது. ஆகவே பலகை தன்னளவில் குற்றமன்று. ஆனால் சொல்லிக்காட்டுதலும் மனம் நோகச் செய்தலும் தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று அதே அத்தியாயம் (2:264) எச்சரிக்கிறது. பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற பிணக்கு எழுமிடத்துப் பலகையைக் கைவிடுவதே பேணுதலுக்கு உரியது.

மனிதரோ பறவையோ விலங்கோ உண்ணும் அளவுக்கு, நட்டவருக்குத் தர்மத்தின் நன்மை உண்டு என்பது நபிமொழி. உண்ண வரும் பறவை நட்டவரின் பெயரைக் கேட்பதில்லை. கூடி நடுவோரும் அதைக் கேளாதிருக்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!